ஆளைத் தேடாதீர், அலுவலகத்தைத் தேடுவீர்!

(மும்பையில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"அரசு அலுவலகங்களும் மும்பைத் தமிழரும்" என்ற பொருளில் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். இதில் அரசியல் எங்கே இருக்கிறது என்று இளைஞர் சிலர் கேட்டனர். வாக்குச் சாவடிக்கு நாம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை போகிறோம். மற்ற நாட்களில் நாம் இந்த நகரத்தின் குடிமக்களா, இரவல் இடத்தில் ஒண்டியிருப்பவர்களா என்பதை முடிவு செய்வது வார்டு ஆபீசின் ஜன்னல்தான். அந்த ஜன்னலின் முன் நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொள்வதும் அரசியலே.

நம் பாட்டன்மார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரயிலேறி வந்து தாராவியின் தோல் பதனிடும் கொட்டகைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். எழுத்து தெரியாது, மராட்டி தெரியாது. ஆகவே விவரம் தெரிந்த ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார்கள். 1966க்குப் பிறகு தென்னிந்தியருக்கு எதிராகக் கூச்சல் எழுந்த ஆண்டுகளில், ஆபீசுக்குள் நுழையவே அஞ்சியவர்களும் உண்டு. அன்று அந்தத் துணை தேவைப்பட்டது. அதைக் குறை கூற மாட்டேன்.

இன்றோ நம் பிள்ளைகள் மராட்டியில் சண்டையே போடுகிறார்கள்! ஆனாலும் வீட்டில் ஒரு காரியம் வந்தால், "யாரைப் பிடித்தால் நடக்கும்?" என்றுதான் கேட்கிறோம். "இது எந்த ஆபீஸ் வேலை?" என்று கேட்பதில்லை. முதல் கேள்விக்கு விடை ஏஜெண்டு. இரண்டாவது கேள்விக்கு விடை உரிமை.

மூன்று அரசு, மூன்று வாசல்

இந்த நகரத்தில் நமக்கு மேலே மூன்று அரசுகள் இருக்கின்றன. ஒன்றின் வேலையை மற்றொன்றின் வாசலில் போய்க் கேட்டால் நாள்கூலிதான் நஷ்டம்.

முதலாவது மாநகராட்சி. குடிநீர், சாக்கடை, குப்பை, பிறப்பு இறப்புப் பதிவு, மாநகராட்சிப் பள்ளி, மருந்தகம் எல்லாம் இதன் பொறுப்பு. தலைமை அலுவலகம் போரிபந்தர் எதிரே இருக்கிறது. அங்கே போய் நிற்க வேண்டியதில்லை. நகரத்தை வார்டுகளாகப் பிரித்து எழுத்துகளால் பெயரிட்டிருக்கிறார்கள். தாராவி, மாகிம், தாதர் மூன்றும் ஜி வடக்கு. அதன் ஆபீஸ் தாதர் மேற்கில் இருக்கிறது. சயான், மாதுங்கா, வடாலா எல்லாம் எஃப் வடக்கு. செம்பூர் எம் மேற்கு, சீத்தா கேம்ப் எம் கிழக்கு, குர்லா எல். உங்கள் எழுத்து எது என்று வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். தண்ணீர், குப்பை பற்றிய புகாருக்கு 1916 என்ற எண்ணில் கூப்பிடலாம். புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் தொலைபேசியை வைக்காதீர்கள்.

இரண்டாவது மாநில அரசு. ரேஷன் கார்டு ரேஷன் ஆபீசின் வேலை. மாநகராட்சிக்கு இதில் சம்பந்தமில்லை. உங்கள் தெருக் கடை எந்த ரேஷன் ஆபீசின் கீழ் வருகிறது என்பதைக் கடைக்காரரிடமே கேட்டுக்கொள்ளலாம். வருமானம், இருப்பிடம், சாதி ஆகியவற்றுக்கான சான்றிதழ்கள் கலெக்டர் நிர்வாகத்தின் வேலை. மும்பையில் கலெக்டர் இருவர் என்பதைப் பலர் அறிவதில்லை. தாராவிக்காரர்களுக்குக் கோட்டைப் பகுதியில் பழைய கஸ்டம்ஸ் ஹவுசில் உள்ள நகர மாவட்டக் கலெக்டர். குர்லா, செம்பூர், மலாட் மக்களுக்குப் பாந்திரா கிழக்கில் உள்ள புறநகர் மாவட்டக் கலெக்டர். மித்தி ஆற்றுக்கு அக்கரையில் குடியிருக்கும் அண்ணனும் இக்கரையில் குடியிருக்கும் தம்பியும் ஒரே சான்றிதழுக்கு வெவ்வேறு திசையில் போக வேண்டும்.

மூன்றாவது மத்திய அரசு. பாஸ்போர்ட், வருங்கால வைப்பு நிதி, தபால் சேமிப்பு ஆகியவை இதைச் சேர்ந்தவை. வார்டு ஆபீசில் இவற்றைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை.

ஊருக்கும் இங்கேக்கும் நடுவில்

வெளியூரிலிருந்து வந்தவர்கள் என்பதால் நமக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போகிறாள். குழந்தை பாளையங்கோட்டையில் பிறக்கிறது. இரண்டாண்டு கழித்துத் தகப்பனார் தாதரில் வந்து பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார். கிடைக்காது. 1969ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, குழந்தை எந்த இடத்தில் பிறந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடமே பதிய வேண்டும். 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. ஓராண்டு தாண்டிவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். 2023 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேரவும், பாஸ்போர்ட் பெறவும், வாக்காளராகவும் பிறந்த தேதிக்கு இந்த ஒரு காகிதமே ஆதாரம். ஆகவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறும்போது சான்றிதழையும் கையோடு கொண்டு வாருங்கள்.

அடுத்தது ரேஷன். தமிழ்நாட்டுக் கார்டு வைத்திருப்பவர் இங்கே தானியம் வாங்க முடியுமா? "ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு" திட்டத்தில் 2020 அக்டோபரில் தமிழ்நாடு சேர்ந்தது. உங்கள் கார்டு முன்னுரிமைக் கார்டாகவோ அந்தியோதயா கார்டாகவோ இருந்து, ஆதாரும் இணைந்திருந்தால், இங்குள்ள கடையில் விரல்ரேகை வைத்து வாங்கலாம். முன்னுரிமை இல்லாத கார்டுக்குத் தமிழ்நாட்டு அரசு தன் செலவில் தரும் அரிசி இங்கே கிடைக்காது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமலே சிலர் "வாங்கித் தருகிறேன்" என்று பணம் பறிக்கிறார்கள்.

சாதிச் சான்றிதழ் இதைவிடக் கசப்பான விஷயம். தாழ்த்தப்பட்ட மக்களுக்கான சலுகை மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி என்று 1990இல் உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. மும்பை மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கேட்ட மாணவரின் வழக்குத்தான் அது. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதிக்கு முன்பே குடும்பம் மகாராஷ்டிரத்தில் நிலைகொண்டிருந்ததா என்று இங்கே கேட்கிறார்கள். அதற்குப் பின் வந்த குடும்பமானால், தகப்பனாருக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த சான்றிதழைக் காட்டி, இங்கேயே வெளிமாநிலத்தவருக்கான சான்று பெறலாம். மத்திய அரசு வேலைக்கும் கல்விக்கும் அது பயன்படும். மகாராஷ்டிர அரசின் சலுகைக்குப் பயன்படாது. எல்லை தாண்டியதும் தீண்டாமை தீர்ந்துவிட்டதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்போம். ஆனால் அந்தப் போராட்டம் முடியும்வரை தகப்பனாரின் சான்றிதழைத் தொலைத்துவிடக் கூடாது.

கையில் "போச்" இல்லாமல் திரும்பாதீர்

ஆபீஸ் மொழியில் சில சொற்களை நம் பெண்களும் அறிந்திருக்க வேண்டும். ரேஷன் வரிசையிலும் மருத்துவமனை வரிசையிலும் நிற்பவர்கள் அவர்களே. அர்ஜ் என்றால் விண்ணப்பம். தாக்லா என்றால் சான்றிதழ். சிக்கா என்றால் முத்திரை. ஆவக்-ஜாவக் என்றால் காகிதங்களைப் பதிந்து வாங்கும், அனுப்பும் பிரிவு. எல்லாவற்றிலும் முக்கியமான சொல் போச். விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கான அத்தாட்சி. எந்தக் காகிதம் கொடுத்தாலும் இரண்டு பிரதி கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் எண்ணும் வாங்குங்கள். போச் இல்லையென்றால் நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லை என்றுதான் ஆகும்.

இது சட்டம் தந்த உரிமை. 2015ஆம் ஆண்டின் மகாராஷ்டிரப் பொதுச்சேவை உரிமைச் சட்டம் இதைச் சொல்கிறது. எந்தச் சேவை எத்தனை நாளில் கிடைக்கும், பொறுப்பான அதிகாரி யார், மேல்முறையீடு யாரிடம் என்று ஒவ்வோர் ஆபீசும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். ஏஜெண்டிடம் போகுமுன் அந்தப் பலகையைப் படியுங்கள். குறித்த நாள் தாண்டினாலோ, விண்ணப்பத்தை மறுத்தாலோ, 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணமின்றித் தாமதித்த அதிகாரிக்கு 500 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. என் விண்ணப்பம் யார் மேசையில் கிடக்கிறது என்று கேட்க, 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டமும் இருக்கிறது. கட்டணம் பத்து ரூபாய். பதில் 30 நாட்களுக்குள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், எழுத்தில் வடிக்க அந்த அதிகாரியே உதவ வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மாநிலத்தின் ஆட்சிமொழி மராட்டி. அதை மதிப்போம், கற்போம். அதே வேளையில், குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சாசனத்தின் 350ஆவது பிரிவு கூறுகிறது. மாநகராட்சியே தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் நகரத்தில் தமிழ் வழங்காத மொழியாகிவிடுமா? வேலை விரைவாக முடிய மராட்டியில் எழுதுங்கள். "உன் மொழி இங்கே செல்லாது" என்று எவராவது விரட்டினால், 350 என்ற எண்ணை நினைவூட்டுங்கள்.

தேதிதான் வீடு

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1976இல் குடிசைக் கணக்கெடுப்பு நடந்து, குடும்பங்களுக்குப் போட்டோ பாஸ் கொடுத்தார்கள். அன்று "எதற்கு இந்தக் காகிதம்" என்று அலட்சியமாக இருந்தவர்களின் பிள்ளைகள் இன்று தவிக்கிறார்கள். குடிசைச் சட்டப்படி 2000 ஜனவரி முதல் தேதிக்கு முன் குடியிருந்ததைக் காட்டினால் இலவச மாற்று வீடு. அதற்குப் பின் 2011 ஜனவரி முதல் தேதி வரை என்றால் பணம் கட்டி வீடு. தாராவியில் 2024 மார்ச்சில் வீட்டுக்கு வீடு கணக்கெடுக்கத் தொடங்கியபோது, "எத்தனை ஆண்டாக இருக்கிறீர்கள்" என்ற கேள்விக்கு வாயால் சொன்ன பதில் போதவில்லை. பழைய மின் ரசீது, வாக்காளர் பட்டியலில் பெயர், கடை வைத்திருந்தால் குமாஸ்தா லைசென்ஸ் என்று தேதியிட்ட காகிதம் கேட்டார்கள். மூன்று தலைமுறை உழைத்தவர் காகிதம் இல்லாததால் வெளியே நிற்கலாமா? மூலக் காகிதங்களை ஏஜெண்டின் பையில் விட்டு வைத்திருப்பவர்கள் இன்றே போய்த் திரும்ப வாங்குங்கள். நகல் மட்டும் வெளியே போகட்டும்.

முடிவாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் இந்த மன்றத்தில் ஒரு மேசை போடுங்கள். மராட்டி எழுதத் தெரிந்த நம் பிள்ளைகள் இருவர் உட்காரட்டும். மனு எழுதித் தரட்டும்; எந்த ஆபீஸ், எந்த ஜன்னல் என்று சொல்லட்டும்; காசு வாங்கக் கூடாது. மனுவை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போகிறவர் மனுவுக்கு உரியவராகவே இருக்க வேண்டும். அவருக்குப் பதிலாக நாம் போனால், பழைய ஏஜெண்டின் இடத்தில் புதிய ஏஜெண்டாக நாமே உட்கார்ந்துவிடுவோம். முதல் தடவை துணைக்குப் போங்கள். இரண்டாம் தடவை வாசலில் நில்லுங்கள். மூன்றாம் தடவை அவரே போய் வரட்டும்.