கை முந்தட்டும், கருவி காத்திருக்கட்டும்



குனிந்து குடத்தைத் தூக்கியவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. மூன்றாம் நாள் இயன்முறை மருத்துவர்களான நம்மிடம் வருகிறார். கையில் எம்.ஆர்.ஐ. படம், முகத்தில் "ஜவ்வு விலகிடுச்சாம்" என்ற கலக்கம். முன்பெல்லாம் "கரண்ட் வெச்சா சரியாயிடுமா?" என்று கேட்பார்கள். இப்போது "ஷாக்வேவ் இருக்கா?" என்கிறார்கள். கைச்சிகிச்சையையும் ஷாக்வேவ் எனும் அதிர்வலையையும் ஒரே கட்டணத்தில் சேர்த்துத் தரும் வழக்கமும் பரவி வருகிறது. இம்மாநாடு அந்தச் சேர்க்கையைப் பற்றியது. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலி தொடங்கிய முதல் ஆறு வாரங்களில் கைதான் முந்த வேண்டும். அந்தக் கட்டத்தில் அதிர்வலையை எல்லோருக்கும் வழக்கமாகத் தருவதற்குப் போதிய சான்று இன்று நம்மிடம் இல்லை. இரண்டையும் சேர்ப்பதை நான் எதிர்க்கவில்லை. சேர்த்த பிறகு எதனால் குணம் கிடைத்தது என்று தெரியாமலேயே தொடர்வதைத்தான் எதிர்க்கிறேன்.

அதிர்வலை நம் துறையில் பிறந்ததன்று. ஒலியை விஞ்சிப் பறக்கும் விமானத்தின்மீது மழைத்துளி மோதினால் என்ன ஆகும் என்று ஜெர்மனியின் டோர்னியர் விமான நிறுவனம் ஆராய்ந்தது. அந்த ஆய்வின் கிளையாக, 1980 பிப்ரவரி 7 அன்று மியூனிக் நகரில், தண்ணீர்த் தொட்டியில் படுத்திருந்த ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல் முதன்முதலாக உடைக்கப்பட்டது. பின்னர் கூடாத எலும்பு முறிவுகளுக்கு இதைப் பயன்படுத்திய அனுபவத்தைப் பல்கேரிய மருத்துவர்கள் 1991இல் வெளியிட்டார்கள். 2000இல் அமெரிக்கா குதிகால் வலிக்கு அனுமதி தந்தது. குதிகால், சுண்ணாம்பு படிந்த தோள் நாண் போன்ற இடங்களில், பல மாதங்களாகக் குணமாகாத நாண் கோளாறுகளில்தான் இதற்கு நல்ல பெயர். அங்கே ஆறாமல் தேங்கிப்போன திசுவைத் தூண்டிவிட வேண்டிய தேவை இருக்கிறது. மூன்று நாள் இடுப்புப் பிடிப்பில் அப்படித் தேங்கிப்போன திசு எது? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் கருவியை எடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் இருப்பது ரேடியல் வகைக் கருவி. அழுத்தக் காற்றால் உந்தப்படும் சிறு உலோகத் துண்டு கைப்பிடியின் முனையில் மோதுகிறது. அந்த இடி தோலுக்குப் போகிறது. அதன் வலு தோல்மட்டத்தில்தான் மிகுதி. ஆழம் போகப்போகக் குறைந்துவிடும். குவிய வகையின் அலை அப்படியன்று, உள்ளே ஒரு புள்ளியில் திரளும். ஆகவே ரேடியல் கருவியை இடுப்பில் வைத்துவிட்டு "டிஸ்க்குக்கு வைத்தியம் செய்கிறோம்" என்று நோயாளியிடம் சொல்வது தவறு. இறுகிய மேல்தசையின் வலியைச் சற்று மட்டுப்படுத்த முயல்கிறோம் என்று சொன்னால் அது நேர்மை.

கைக்கும் அதே அளவுகோலைத்தான் வைக்க வேண்டும். திடீர் இடுப்புவலிக்கு முதுகெலும்பில் கைச்சிகிச்சை தந்த ஆய்வுகளை 2017இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் தொகுத்தார்கள். 100 புள்ளி அளவில் ஏறக்குறைய 10 புள்ளி வலி குறைந்திருந்தது. சிறிய பலன்தான், ஆனால் உண்மையான பலன். விலகிய எலும்பைக் கை இடத்தில் உட்காரவைக்கிறது என்ற பழைய விளக்கத்தை விட்டுவிடுவோம். நரம்பு மண்டலம் வலியைக் கையாளும் விதம் கொஞ்ச நேரத்துக்கு மாறுகிறது, அந்த இடைவெளியில் நோயாளி அசையத் துணிகிறார். கைக்கு இன்னொரு வலிமையும் உண்டு. தொட்டுப் பார்க்கும்போதே எங்கே இறுக்கம், எந்த அசைவில் பயம், கால் விரலில் வலு குறைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடுகிறது. கருவி இதைச் சொல்லாது.

இந்த வலியின் இயல்பையும் நாம் மறந்துவிடுகிறோம். 1995இல் ஹெல்சிங்கியில் நகராட்சி ஊழியர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள்: ஒரு குழுவுக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வு, ஒன்றுக்கு முதுகுப் பயிற்சி, மற்றொன்றுக்கு வலி அனுமதிக்கும் அளவு அன்றாட வேலை. விரைவில் தேறியது மூன்றாம் குழு. ஆஸ்திரேலியாவில் நடத்தி 2014இல் வெளியான பெரிய பாரசிட்டமால் ஆய்வில், வெற்று மாத்திரை எடுத்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் மூன்று வாரத்துக்குள் தேறிவிட்டார்கள். அந்த எம்.ஆர்.ஐ. படம்? வலியே இல்லாதவர்களிடமும் 20 வயதில் 30 விழுக்காட்டினருக்கும், 80 வயதில் 84 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் பிதுக்கம் தெரிகிறது என்று 2015இல் வந்த தொகுப்பாய்வு காட்டுகிறது. நம்மிடம் வருகிறவரின் பாதி வலி இந்தச் செய்தியைக் கேட்காததால்தான் என்று நான் நம்புகிறேன். அதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைக் கருவி தின்றுவிடக் கூடாது.

தானாகவே குறையும் வலியில் எந்தச் சேர்க்கையும் வெற்றிபெற்றதுபோல் தோன்றும். ஆகவே நமக்கு வேண்டியது குலுக்கல் முறையில் நான்கு குழுவாகப் பிரித்த ஆய்வு: கை மட்டும், அதிர்வலை மட்டும், இரண்டும், இரண்டும் இல்லாமல் விளக்கமும் நடமாட்டமும் மட்டும். போலி அதிர்வலையை நோயாளி கண்டுபிடிக்காதபடி தருவது கடினம், இடியின் சத்தமும் குத்தலும் காட்டிக்கொடுத்துவிடும். அதற்காக ஆய்வைக் கைவிட முடியாது. போலிமுனையை எப்படி அமைப்பது என்பதையே ஓர் அமர்வில் பேசுங்கள்.

ஒன்றை மட்டும் விவாதமே இல்லாமல் ஏற்றுக்கொள்வோம். சிறுநீர் போக முடியவில்லை, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போகிறது என்றால் அன்றே அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் எழுப்பும் வலி இருந்தால் நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயை நினைக்காமல் கை வைக்கவும் கூடாது, கருவி வைக்கவும் கூடாது. புற்றுநோய் உள்ள இடத்திலும், கர்ப்பிணிகளின் இடுப்பிலும் அதிர்வலை கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் தவிர்ப்பதே முறை.

கட்டுரை வாசிக்கப்போகிறவர்களிடம் தலைவர் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். உங்கள் நோயாளிகள் வலி தொடங்கி எத்தனையாம் நாளில் வந்தார்கள், கூடவே வேறென்ன சிகிச்சை பெற்றார்கள், யாருடன் ஒப்பிட்டீர்கள் என்பவற்றை முதல் படத்திலேயே காட்டிவிடுங்கள். ஒப்பீட்டுக் குழு இல்லையென்றால் இல்லையென்றே சொல்லுங்கள். அந்தக் கட்டுரையையும் மதிப்போடு கேட்போம். முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.