தாள் மடியும் வேகம்

(கழகத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிஞர்கள் கூடிய அவையில் வேதியியல் பேச வந்தாளே என்று வியப்படையாதீர்கள். முனைவர் பட்ட ஆய்வின்போது எனக்கு நேர்ந்த ஓர் இழப்பே இவ்வுரைக்குக் காரணம். சிற்றூர் நூலகம் ஒன்றில், எண்பது ஆண்டுகளுக்கு முந்திய இதழ் ஒன்றைத் திறந்தேன். தேடிச் சென்ற கவிதை அதில் இருந்தது. பக்கத்தைப் புரட்டியதும் தாள் அப்பளம்போல் நொறுங்கியது. எட்டு அடிகளுள் மூன்றின் இறுதிச் சீர்கள் துகளாகி என் மடியில் விழுந்தன. அவ்விதழின் வேறொரு படியை இன்றுவரை நான் காணவில்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அத்தீயை நாம் மறக்கவில்லை. ஆனால் நம் அலமாரிகளிலும் ஓர் அழிவு ஓசையின்றி நடக்கிறது. தீ ஓரிரவில் செய்வதை அது பல்லாண்டுகளில் செய்கிறது. இரண்டும் வேதிவினைகளே. வினை வேறு, வேகம் வேறு, இழப்பு ஒன்றே.

தாளின் உடல் செல்லுலோசு என்னும் நீண்ட சங்கிலி. சர்க்கரைக் கண்ணிகளால் கோக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் மரக்கூழால் தாள் செய்யலாயினர். மை பரவாதிருக்கப் பிசினும் படிகாரமும் சேர்த்தனர். படிகாரம் ஈரத்தோடு கூடி அமிலத்தைத் தருகிறது. அமிலம் கண்ணிகளை அறுக்கிறது; ஆயினும் தான் தீர்ந்துபோவதில்லை. இத்தகைய பொருளையே வினையூக்கி என்பர்.

அமிலம் மிகுந்தால் வேகம் மிகும். ஈரம் மிகுந்தாலும் மிகும். வெப்பமோ இவ்விரண்டையும் விஞ்சக்கூடியது. மோதும் மூலக்கூறுகள் எல்லாம் வினைபுரிவதில்லை. போதிய ஆற்றலோடு மோதுபவையே வினைபுரியும். வெப்பம் ஏற ஏற அவற்றின் தொகை பெருகும். சுவீடன் அறிஞர் அரீனியசு 1889இல் இவ்வுறவைச் சமன்பாட்டால் விளக்கினார். பல வினைகளில் பத்துப் பாகை வெப்பம் உயர்ந்தால் வேகம் ஏறத்தாழ இருமடங்காகிறது.

வேகத்தை அளப்பது எவ்வாறு? குறித்த காலத்தில் எவ்வளவு பொருள் மாறிற்று என்று காண்பதே வழி. செருமானிய அறிஞர் வில்லெல்மி 1850இல் கரும்புச் சர்க்கரைக் கரைசலில் அமிலம் சேர்த்தார். முனைவுற்ற ஒளியை வலப்புறம் திருப்பிய கரைசல், சர்க்கரை பிளவுபடப் பிளவுபட, இடப்புறம் திருப்பலாயிற்று. அத்திருப்பத்தை அளந்து, கரைசலைத் தொடாமலே வினையின் வேகத்தைக் கண்டார். எஞ்சிய சர்க்கரை குறையக் குறைய வேகமும் குறைந்தது. கரும்புச் சர்க்கரையை அமிலம் பிளப்பதும் தாளின் கண்ணிகளை அறுப்பதும் ஒரே வகை வினை என்பது எண்ணத்தக்கது.

ஆனால் தாள் நொறுங்கும்வரை யார் காத்திருப்பது? அமெரிக்கரான வில்லியம் பாரோ தாள்களை 100 பாகை செல்சியசு வெப்பத்தில் 72 மணி நேரம் வைத்தார். அஃது ஏறத்தாழ 25 ஆண்டு முதுமைக்கு ஈடு எனக் கணித்தார். பின்னர், எத்தனை முறை மடித்தால் தாள் அறும் என்று எண்ணினார். பின்வந்தோர் ஒரே வெப்பநிலையை நம்பாது, பல வெப்பநிலைகளில் வேகத்தை அளந்து, அரீனியசின் சமன்பாட்டைக் கொண்டு அறை வெப்பநிலைக்கு உரியதைக் கணக்கிட்டனர். மடிதல் என்பதற்கு வளைதலும் இறத்தலும் பொருளாவதை நம் தமிழ் முன்பே அறிந்திருக்கிறது!

வேகத்தைக் கூட்டுவன எவை என்று அறிந்தால், குறைக்கும் வழியும் புலப்படும். நூல்களை ஓட்டுக்கூரையின் கீழுள்ள பரணில் ஏற்றாதீர்கள். ஈரச்சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். நம் முன்னோர் ஓலை செல்லரிக்கும் முன்பே படியெடுத்தனர். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்கள், 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயின. அங்கே நுண்படங்களாகவும் காக்கப்பட்டன. உங்கள் வீட்டுப் பழைய இதழ்களையும் நொறுங்குமுன் படமெடுத்து வையுங்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். இவ்விழா மலரை அமிலமற்ற தாளில் அச்சிடுங்கள். சற்றே விலை கூடும். ஆயினும் எண்பது ஆண்டுகளுக்குப் பின் இதைத் திறக்கும் ஒரு மாணவியின் மடியில் உங்கள் சீர்கள் துகளாக உதிர வேண்டா.