தச்சராகிய கட்டடக் கலைஞர்



முருகன் குடிகொண்ட வல்லக்கோட்டையில் ஓர் அமெரிக்கக் கட்டடக் கலைஞரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று வியக்க வேண்டா. அவர் உழைப்பில் எழுந்த கட்டடம் புதுச்சேரியில் நிற்கிறது.

ஜார்ஜ் நகாஷிமா 1905இல் ஸ்போகேன் நகரில் ஜப்பானியப் பெற்றோர்க்குப் பிறந்தவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1930இல் பட்டம் பெற்றுப் பின்னர்த் தோக்கியோவில் அன்டோனின் ரேமண்டிடம் பணியாற்றினார். ரேமண்ட் வரைந்த அரவிந்தர் ஆசிரம விடுதியான 'கோல்கோண்ட்' கட்டடத்தை மேற்பார்வையிட 1937இல் புதுச்சேரிக்கு வந்தார்.

நிழல் கொண்டு திசை குறித்து அரண்மனை வகுத்தோரை நெடுநல்வாடையில் கண்டவர்கள் நாம். இவ்விடுதியும் திசையறிந்து எழுந்ததே. நீண்ட முகப்புகள் வடக்கும் தெற்கும் நோக்குகின்றன. கண்ணாடிச் சாளரம் கிடையாது. திருப்பினால் திறந்து மூடும் கிடைப் பலகைகளே சுவராகின்றன. கூரைத் தளத்தின்மேல் வளைந்த ஓடுகள் அமைந்து, இடையே காற்று உலவுகிறது. பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கதவுக்குரிய பிடிகளை வார்த்தார்கள். நகாஷிமா ஊதியத்தைத் துறந்து அடியவர்களுள் ஒருவரானார். 'சுந்தரானந்தர்' என்னும் பெயரும் பெற்றார்.

வரைபவர் உயர்ந்தவர், செய்பவர் தாழ்ந்தவர் என்னும் எண்ணம் நம்மிடம் ஆழ வேரூன்றியுள்ளது. ஒரகடத்துத் தொழிற்கூடங்களுக்குச் செல்லும் நம் பிள்ளைகளையும் அவ்வெண்ணமே அளக்கிறது. தமிழோ கோயில் வகுத்தவரையும் கலப்பை செய்தவரையும் தச்சர் என்றே அழைத்தது. ஆங்கிலேயர் கட்டடக் கலைஞரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வேரும் 'தலைமைத் தச்சர்' என்பதே!

1939இல் அவர் புதுச்சேரியை விட்டகன்றார். 1942இல், பிறந்த நாடே ஜப்பானிய மரபினர் என்பதற்காக அவரையும் மனைவியையும் கைக்குழந்தையையும் இடாகோ மாநிலத்து மினிடோகா முகாமில் அடைத்தது. குற்றமும் இல்லை, விசாரணையும் இல்லை. அங்கேதான், பட்டம் பெற்ற இக்கலைஞர் கெந்தாரோ ஹிக்கோகாவா என்னும் தச்சரிடம் மாணவரானார். இதனை வீழ்ச்சி என்று நான் கருதவில்லை.

ரேமண்டின் முயற்சியால் 1943இல் விடுதலை பெற்றுப் பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்னும் ஊரில் பட்டறை அமைத்தார். மரத்தின் வெடிப்பை மறைக்காமல், வண்ணத்துப்பூச்சி வடிவ ஆப்பால் பிணைத்து மேசைகள் செய்தார். 1990இல் மறையும்வரை தம்மை மரவேலைக்காரர் என்றே சொல்லிக்கொண்டார். கண்டந்தோறும் ஓர் அமைதி மேசை என்பது அவர் கனவு. அவற்றுள் ஒன்று, அவர் மறைவுக்குப்பின் 1996இல் ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது.