அறுபத்தாறு வயதில் ஓர் அழைப்பு



கணக்கு வாத்தியார் பேச எழுந்தாலே எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பீர்கள். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

32 வருடம் ராஞ்சி பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் இருந்தேன். அடுத்த மாதம் பர்மிங்காமில் ஒரு சிறிய சபைக்கு உதவி ஊழியனாகப் போகிறேன். "இந்த வயசுல குளிர் தேசத்துக்கு எதுக்குங்க?" என்று என் மனைவி கேட்டாள். பதில் தெரியாமல் பேராயர் லெஸ்லி நியூபிகின் கதையைச் சொன்னேன்.

1936-ல் சென்னைக்கு வந்து, தமிழ் படித்து, காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்து, 1947-ல் மதுரை-இராமநாதபுரம் பேராயரானவர். பிற்பாடு சென்னைப் பேராயர். 1974-ல் ஓய்வு பெற்றதும் மனைவியோடு கிடைத்த பஸ்களில் ஏறி, தரை வழியாகவே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். இரண்டு பெட்டி, ஒரு தோள்பை. அவ்வளவுதான் சாமான். (நான் ஊறுகாயையே எடை போட்டுக்கொண்டிருக்கிறேன்!) பர்மிங்காம் செலி ஓக் கல்லூரிகளில் ஐந்து வருடம் பாடம் சொன்னார். பிறகு 1980-ல், 70 வயதில், மூடிவிடலாம் என்று பேசப்பட்ட வின்சன் கிரீன் சபையைத் தாமே ஏற்றார். சிறைச்சாலைக்கு எதிரே சின்ன ஆலயம். இந்தியாவில் பார்த்த எதையும்விட அது கடினம் என்று எழுதினார். எதிர்ப்பைக்கூட சமாளிக்கலாம், அலட்சியத்தை முடியாதாம்.

எனக்கும் அந்தப் பயந்தான். ராஞ்சியில் பிள்ளைகள் "சார்" என்று ஓடி வருவார்கள். அங்கே கதவைத் திறப்பார்களா?

கதையை முழுக்கக் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்த அம்மாவும் பஸ்லயா போனாங்க?"

ஆமாம் என்றேன். மறுநாளே ஸ்வெட்டர் வாங்கக் கிளம்பிவிட்டாள்.