காயம் ஆறியும் ஆறாத நோவு



உழைத்துக் களைத்த நம் மக்கள் "உடம்பு நோகிறது" என்று கூறியபோதெல்லாம், "காயம் எங்கே? வீக்கம் எங்கே? வேலைக்குச் சோம்பும் சாக்கு இது" என்னும் ஏச்சே மறுமொழியாகக் கிடைத்து வந்தது. கண்ணுக்குத் தெரியாத நோவு பொய்யன்று என்பதை இன்றைய அறிவியல் மெய்ப்பித்துள்ளது. அதனை விளக்குவதே நமது நோக்கம்.

முள் தைத்தால் நோகும்; முள்ளைக் களைந்து புண் ஆறினால் நோவு நீங்கும். இது நம்மைக் காக்கும் நோவு. ஆனால், சர்க்கரை நோயால் நரம்பு கெட்டோர் பலருக்குப் பாதம் இரவெல்லாம் எரிகிறது. அக்கிக் கொப்புளம் உதிர்ந்து பல திங்கள் சென்ற பின்னும், சிலருக்கு அவ்விடத்தில் துணி பட்டாலே நெருப்புப் பட்டாற்போல் துடிக்கிறது. இங்கே நோவுக்குக் காரணம் புண்ணன்று, கெட்ட நரம்பே.

நரம்போடு உடலின் காவல் அணுக்களுக்கும் இதில் பங்குண்டு. மூளையிலும் தண்டுவடத்திலும் காவல் புரியும் மைக்ரோகிளியா என்னும் அணுக்களை, 1919-இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ தெல் ரியோ ஓர்த்தேகா இனங்கண்டார். நரம்பு அடிபட்ட எலிகளில் இவ்வணுக்கள் கிளர்ந்தெழுவதால் மெல்லிய தீண்டலும் நோவாகிறது என 2003-இல் ஜப்பானிய, கனடிய அறிஞர்கள் காட்டினர்.

கிளர்ச்சிக்கு ஆற்றல் வேண்டுமன்றோ? அமைதியான காவல் அணு, மைட்டோகாண்ட்ரியா என்னும் தன் உள்ளுலையில் சர்க்கரையை முழுதும் எரிக்கிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு ஏறத்தாழ 30 ஏ.டி.பி. மூலக்கூறுகள் கிடைக்கின்றன. கிளர்ந்த அணுவோ சர்க்கரையை அரைகுறையாகச் சிதைப்பதையே பெரிதும் நாடுகிறது. அவ்வழியில் கிடைப்பவை 2 மட்டுமே. ஆயினும் விரைவு மிகுதி. நின்றெரியும் விறகை விடுத்துச் சருகை அள்ளிப் போடும் அடுப்பைப் போன்றது அது. அவ்வேகத்தில் அழற்சிப் பொருள்கள் பெருகி நரம்பைத் தூண்டுகின்றன. அணு மீண்டும் அமைதியடையாவிடில் நோவும் நீடிக்கிறது.

தணிக்கும் வழியும் உடலிலேயே உண்டு. அழற்சி நோவுற்ற எலிகளில், பெருவிழுங்கி அணுக்கள் தம் மைட்டோகாண்ட்ரியாவையே நரம்பணுக்களுக்கு வழங்கி நோவைத் தீர்ப்பதை, 2022-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

மற்றொரு செய்தி தாய்மார்களுக்குரியது. நோவு பற்றிய ஆய்வுகளில் நெடுங்காலம் பெரும்பாலும் ஆண் விலங்குகளே பயன்பட்டன. மைக்ரோகிளியாவைத் தடுத்தால் ஆண் எலிகளின் நோவே தணிகிறது, பெண் எலிகளில் வேறு காவல் அணுக்கள் அவ்வேலையைச் செய்கின்றன என 2015-இல் அறியப்பட்டது. பெண்ணை விட்டுவிட்டு ஆய்ந்த அறிவு பாதி அறிவே.

எலிகளில் கண்டவை அனைத்தும் மனிதர்க்கு மருந்தாகிவிடவில்லை. எனினும், நரம்பு நோவுக்குச் சாதாரண வலி மாத்திரைகளால் பயன் குறைவு என்பதையும், அமிட்ரிப்டிலின், காபாபென்டின் போன்ற தனி மருந்துகள் உண்டு என்பதையும் நம் மக்கள் அறிதல் வேண்டும். அவற்றை மருத்துவர் சொற்படியே உட்கொள்ள வேண்டும்.

ஒருவர் தமக்கு நோகிறது என்றால் அக்கூற்றை மதித்தல் வேண்டும் என உலக நோவு ஆய்வுச் சங்கம் 2020-இல் வரையறுத்தது. நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்ட மதிப்பு அதுவே. மாணவச் செல்வங்களே, அறிவியல் கற்று ஆய்வுக்கூடம் புகுவீர்! நம்மவர் நோவுக்கு நம் பிள்ளைகளும் விடை காண்பாராக!