நெற்றியைப் பாருங்கள்



நம் ஊர்களில் 'லவ் பேர்ட்ஸ்' என்று கேட்டு வாங்குகிறோமே, பச்சையும் நீலமும் மஞ்சளுமாகக் கூண்டு நிறையக் கீச்சிடும் சின்னக் கிளிகள், அவற்றின் சரியான பெயர் பட்ஜெரிகர். லவ் பேர்ட்ஸ் என்பது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு கிளி. பட்ஜெரிகருக்குச் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. 1840இல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் இவற்றை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவி, இன்று நம் வீட்டுத் திண்ணைவரை வந்துவிட்டன.

இந்தப் பறவையை வாங்கும்போது எல்லோரும் நிறத்தைப் பார்க்கிறோம், விலையைக் கேட்கிறோம். வயதைப் பார்ப்பதில்லை. அப்படிப் பார்க்காமல் வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சந்தையில் ஜோடி வாங்கினேன். "பெரிய ஜோடிங்க, இன்னைக்கே பானை கட்டலாம்" என்றார் விற்றவர். நம்பி, முட்டையிடப் பானையைக் கூண்டில் கட்டினேன். மூன்றாம் மாதம் ஒரு காலையில் பெண் பறவை கூண்டின் அடியில் உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூச்சு வாங்க, வால் மேலும் கீழும் ஆடியது. முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொண்டிருந்தது. மறுநாள் அது இல்லை. வாங்கிய அன்று எடுத்த படத்தைப் பிறகு பறவை வளர்க்கும் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். பார்த்தவுடனே சொன்னார்: "இது குஞ்சு. நெற்றியைப் பார்."

அந்த நெற்றியைத்தான் உங்களுக்கும் காட்ட விரும்புகிறேன்.

பட்ஜெரிகரின் பின்தலையில் மெல்லிய கறுப்புக் கோடுகள் உண்டு. பெரிய பறவைக்கு அவை உச்சந்தலைக்குப் பின்னாலேயே நின்றுவிடும். நெற்றி துடைத்துவிட்டதுபோல், பச்சைப் பறவைக்கு மஞ்சளாகவும் நீலப் பறவைக்கு வெள்ளையாகவும் இருக்கும். குஞ்சுக்கு அப்படி இல்லை. கோடுகள் உச்சந்தலையைத் தாண்டி, நெற்றியில் இறங்கி, மூக்கைத் தொடும். பிறந்த மூன்று, நான்கு மாதத்தில் முதல் தடவை இறகு உதிர்க்கும்போது அந்தக் கோடுகள் போய்விடும். அலகில் கறுப்புக் கறை தெரிந்தால் அது இன்னும் சிறியது, கூட்டைவிட்டு வந்து சில வாரங்களே ஆகியிருக்கும்.

அடுத்தது கண். குஞ்சின் கண், பழுத்த மணத்தக்காளியைப் போல முழுக்கக் கறுப்பு. வளர வளர, கறுப்புப் பாவையைச் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று தெளிந்து வரும். எட்டு மாதம், ஒரு வருடம் ஆகும்போது அது நன்றாகத் தெரியும். இதைக் குழல்விளக்கில் பார்க்காதீர்கள். கூண்டைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, பறவை பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுமையாகக் காத்திருங்கள்.

அலகுக்கு மேலே, மூக்குத் துளைகளைச் சுற்றி மெத்தென்று ஒரு தோல் இருக்கும். வளர்ந்த ஆணுக்கு அது அடர் நீலம். முட்டையிடத் தயாரான பெண்ணுக்குப் பழுப்பு. குஞ்சுப் பருவத்தில் ஆணுக்கு அது இளஞ்சிவப்பு கலந்த ஊதா. பெண் குஞ்சுக்கோ வெளிர் நீலம், துளையைச் சுற்றி வெள்ளை வளையம். அந்த வெளிர் நீலத்தைப் பார்த்து ஆண் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் ஏராளம்.

எல்லாப் பறவைக்கும் இந்த அடையாளங்கள் பொருந்தா. சிவப்புக் கண் உள்ள முழு மஞ்சள், முழு வெள்ளைப் பறவைகளுக்குக் கோடே கிடையாது. அவற்றுக்குக் கண் வளையத்தைத்தான் பார்க்க வேண்டும். சில திட்டு நிறப் பறவைகளுக்கு ஆயுள் முழுக்கக் கண் கறுப்பாகவே இருக்கும். காலில் மூடிய வளையம் போட்டு, அதில் ஆண்டு பொறித்திருந்தால் கவலையே இல்லை. குஞ்சாக இருக்கும்போது மட்டுமே அதை மாட்ட முடியும் என்பதால் நம்பலாம். வளையம் இல்லாத பறவை ஒரு வயதைத் தாண்டிவிட்டால், அதற்கு இரண்டு வயதா நான்கு வயதா என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. சொல்பவரை நம்பாதீர்கள்.

நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண் கிளிக்குக் கழுத்தில் ஆரம் வர ஏறக்குறைய மூன்று வருடம் ஆகும். அதை மரத்தில் பார்த்தே தெரிந்துகொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பது குற்றம்.

பட்ஜெரிகர் கையோடு பழக வேண்டும் என்றால், நெற்றியில் கோடு உள்ள குஞ்சை வாங்குங்கள், சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். ஆனால் குஞ்சு பொரிக்க வைக்கும் ஆசையில் அவசரப்படாதீர்கள். தினையும் கீரையும் கொடுத்து, கணவாய் ஓட்டைக் கூண்டில் மாட்டி, அதை வளரவிடுங்கள். பெண் பறவைக்கு ஒரு வயது நிறையும்வரை, தயவுசெய்து, பானை கட்டாதீர்கள்.