பிச்சாவரம்: காணும் கண்ணும் பாடும் நாவும்



நெய்வேலியின் வாழ்வு ஒரு காட்டின்மேல் அமைந்தது. 1956ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நிறுவனம் அகழ்ந்தெடுக்கும் பழுப்பு நிலக்கரி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதையுண்ட மரஞ்செடிகளே. இதே கடலூர் மாவட்டத்தில், வெள்ளாற்றிற்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, உயிருள்ள காடொன்று உண்டு. அதுவே பிச்சாவரம். விடுமுறை நாள்களில் நகரியத்துக் குடும்பங்கள் நாடிச் செல்லும் இடம். அங்குச் செல்வோர் காண்பது எதனை என்பதே இவ்வுரையின் பொருள்.

‘இதயக்கனி’ (1975) திரைப்படத்தின் வழியே பிச்சாவரத்தை அறிந்தோர் பலர். சிதம்பரத்திற்குத் தில்லை எனும் பெயரை ஈந்த மரம் இன்றும் அக்காட்டில் வளர்வதை அறிந்தோர் சிலரே. அம்மரத்தின் பால் கண்ணிற்பட்டால் பார்வைக்குக் கேடு விளையும். தில்லையைப் பாடும் நாவு அம்மரத்தை அடையாளம் காணும் கண்ணையும் பெறுதல் வேண்டும். சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டுப் பின்னரே சேற்றில் ஊன்றுகிறது. வெண்கண்டலின் வேர்களோ மூச்சுவிடுவதற்காகச் சேற்றினின்று மேல்நோக்கி எழுகின்றன. கவிஞர்க்கு இவற்றினும் சிறந்த உவமை வேறெங்குக் கிட்டும்?

இக்காடு ஒருகால் அழிவின் விளிம்பை எட்டியது. மரங்களை முற்றாக வெட்டிய பகுதிகளில் மண் காய்ந்து தாழ்ந்தது. புகுந்த கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கி, உப்பு மிகுந்து, கன்றுகள் முளைக்காமற் போயின. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் இணைந்து, மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, அலைநீர் ஏறியிறங்க வழிசெய்து, கன்றுகளை நட்டனர். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது காட்டின் பின்னிருந்த குப்பங்களுக்கு அது அரணாயிற்று. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது.

இத்தகைய காட்டைக் காண்பதற்கும் ஒரு நெறியுண்டு. விசைப்படகின் ஓசை கேட்டதும் கொக்கும் நாரையும் எழுந்து பறந்துவிடும். குறுகிய கால்வாய்களில் துடுப்புப்படகே செல்லும். அதிலும் பேச்சடங்கி அமர்ந்தோர்க்கே மீன்கொத்தியின் பாய்ச்சலும் உள்ளானின் நடையும் காட்சியாகும். வலசைப் பறவைகள் வரும் கார்த்திகை, மார்கழித் திங்கள்களே அதற்கேற்ற காலம்.

பத்தாண்டு நிறைவுறும் இவ்விலக்கிய வட்டம் ஒரு பணியை மேற்கொள்ளலாம். ஒலிபெருக்கியும் பொன்னாடையுமின்றி உறுப்பினர் அங்குச் சென்று, படகோட்டிகளும் இருளர் மீனவரும் வழங்கும் மரப்பெயர்களையும் பறவைப் பெயர்களையும் கேட்டுத் தொகுத்தல் வேண்டும். அப்பெயர்கள் இன்னும் பேச்சில்தான் வாழ்கின்றன. சொல்வோர் மறைந்தால் அவையும் மறையும். நெய்தலைப் பாடும் மரபினர்க்கு அது கடமையுமாகும்.